வலது கன்னத்தின் ஒத்துழையாமை

எங்கள் துறையில் முதுகலைப் பட்டம் வாங்க முகம் நன்றாக இருக்க வேண்டும். அழகைச் சொல்லவில்லை. அழகு என்று வாயைத் திறந்தாலே துறைத்தலைவி டாக்டர் மார்னி ஓஸ்ட்லண்ட் என்னை ஏதாவது ஒரு பயிலரங்குக்கு அனுப்பிவிடுவார். நான் சொல்வது வேறு. ஆலோசகரின் வாய் என்ன சொல்கிறதோ, அதையே அவர் முகமும் சொல்ல வேண்டும். இதற்கு 'இசைவு' என்று பெயர். இசைவு இல்லாதவர் எங்கள் துறையிலிருந்து பட்டத்தோடு வெளியே போக முடியாது.

உடல் குறைபாட்டோடு வாழ்கிறவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கும் ஆலோசகர்களைத் தயாரிப்பதுதான் எங்கள் தொழில். வடக்கு மினசோட்டாவின் அரசாங்க அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர்களில் பாதிப் பேர் எங்களிடம் தேறியவர்கள். நான் லோயிஸ். முன்மேசையில் இருக்கிறேன். விண்ணப்பம் வாங்குவேன், அறைச் சாவி கொடுப்பேன், காபி இயந்திரம் நின்றுபோனால் ஆள் கூப்பிடுவேன். எனக்குப் பட்டம் கிடையாது. அதனால் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியே நம்பிவிடும் கெட்ட பழக்கம் உண்டு.

டெல்மர் லாம்பி விண்ணப்பம் கொடுக்க முதல்நாள் வந்தபோது கோட்டில் பனியோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். ஐம்பதை நெருங்கும் ஆள், கரடி மாதிரி உடம்பு. நான் வலது பக்கமாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். காதில் வாங்கவில்லை.

"அந்தக் காது செத்துப்போச்சும்மா. இடது பக்கமா வந்து திட்டு."

"நான் எதுக்கு உன்னைத் திட்டணும்?"

"வண்டிய உங்க டீன் இடத்துல நிறுத்திட்டு வந்திருக்கேன்."

சிரித்தார். இடது பக்கம் சிரித்தது; வலது பக்கம் அப்படியே இருந்தது. இளவயதில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல் காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வந்தது. கட்டியை எடுக்கும்போது முகத்து நரம்பும் அறுந்தது. டாக்டர்கள் அதைத் திரும்பத் தைத்தார்கள், அது அரைகுறையாகப் பிடித்தது. நடையில் தள்ளாட்டம் வந்ததால் லாரி ஓட்டும் உரிமமும் போயிற்று. அவருடைய ஊரான ஸ்டர்ஜன் ஃபோர்க்ஸில் அரசு மறுவாழ்வு அலுவலகம் ஒன்று உண்டு. அங்கிருந்த கிழட்டு ஆலோசகர் இவருக்கு வேலை தேடித் தேடிக் களைத்துப்போய், கடைசியில் தன் நாற்காலியையே காட்டினார். "நான் ஓய்வு பெறப் போறேன். போய்ப் படிச்சிட்டு வா, இதுல நீ உக்காரு" என்றார். படிப்புச் செலவு அரசாங்கத்தினுடையது. பட்டம் வாங்கும் கோடைக்காலம் வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் ஒருநாளும் வைக்கமாட்டார்கள்.

டாக்டர் மார்னிக்கு டெல்மரைக் கண்டதும் தாங்கமுடியாத மகிழ்ச்சி. குறைபாடு உள்ள மாணவர் ஒருவர்கூட இல்லையே என்று மேலிடம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் வகுப்பில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, மற்ற மாணவர்களிடம் பேசினார்.

"டெல்மர் முகம் செயலிழந்தவர் இல்ல. செயலிழந்த முகத்தோட வாழுற மனிதர். மனிதர்தான் முதல்ல. முகம் அப்புறம். நாம அவரோட முகத்தைப் பாக்கவே மாட்டோம். சரிதானே?"

வகுப்பு முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியது.

அக்டோபரில் துறைச் சாப்பாடு. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். நான் உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு ஹாட்டிஷ் என்ற எங்கள் ஊர்ப் பண்டம் செய்துகொண்டு போயிருந்தேன். டெல்மர் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். வலது கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து தாடியில் சொட்டியது. மேற்பார்வையாளர் டாக்டர் ட்ரெவர் ஹாம் அதைப் பார்த்துவிட்டார். உடனே எல்லாரையும் கையமர்த்தினார். நாற்காலிகள் வட்டமாக இழுக்கப்பட்டன.

"டெல்மர், உங்களுக்கு இங்க பாதுகாப்பா இருக்கு. அழுங்க" என்றார் ட்ரெவர்.

"அழல. நரம்பு தப்பா ஒட்டிக்கிச்சு. எச்சில் ஊற வைக்கற நரம்பு கண்ணுக்குப் போயிடுச்சு. சாப்பிட்டா வழியும்."

டாக்டர் மார்னி மெதுவாகக் குனிந்தார். "அந்தச் சாப்பாடு யாரை ஞாபகப்படுத்துது?"

"லோயிஸ."

"அதுக்கும் முன்னாடி. சின்ன வயசுல."

"இல்லங்க. இதுல உப்பு கம்மி, அவ்வளவுதான்."

மெக்கென்னா என்ற மாணவி, இருபத்துமூன்று வயசுப் பொண்ணு, விம்மி விம்மி அழுதாள். அவள் இரண்டு கண்ணாலும் அழுதாள். அந்த மாதம் 'மனம் திறத்தல்' என்ற தலைப்பில் டெல்மருக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். அவர் எவ்வளவோ மறுத்தும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. உப்பு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

குளிர்காலம் முடியும்போது பயிற்சி ஆலோசனை ஆரம்பித்தது. மாணவர்கள் நிஜமான ஆட்களோடு ஓர் அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், காமிராவிலும் பதிவாகும். டெல்மருக்கு வந்தவள் கார்லா. காகித ஆலையில் விரல்களைப் பறிகொடுத்தவள். எங்கள் அறைகளில் மூன்று மாணவர்களிடம் உட்கார்ந்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனவள். அன்றைக்கு உள்ளேயிருந்து அவள் சிரிக்கும் சத்தம் என் மேசைவரை கேட்டது. போகும்போது, அடுத்த வாரமும் அதே ஆளிடம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டெல்மர் தேறிவிட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். காபி கொண்டுபோன சாக்கில் நானும் நின்றேன். டாக்டர் ட்ரெவர் படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, எழுந்துபோய்த் திரையில் டெல்மருடைய வலது கன்னத்தைக் கையால் மறைத்தார்.

"இப்பப் பாருங்க. பரிவு இருக்கு. அருமையான பரிவு." பிறகு கையை மாற்றி இடது கன்னத்தை மறைத்தார். "இப்பப் பாருங்க. ஒண்ணுமே இல்ல. ஒரு மனுஷி தன் விரல் போன கதையைச் சொல்றா, இந்தக் கன்னம் கண்டுக்கவே இல்ல. இப்ப கிளையண்ட் எந்தப் பக்கத்தை நம்பணும்?"

"இடது பக்கத்த" என்றார் டெல்மர்.

"வலது பக்கத்தோட செய்தி என்ன?"

"செய்தி ஒண்ணும் இல்லீங்க. நரம்பு போயிடுச்சு."

"நரம்பு காரணம். நான் கேக்கறது செய்தி."

இசைவில் பாதி மதிப்பெண் போட்டார். முகத்தில் பாதிதான் வேலை செய்கிறது, எனவே பாதி. கணக்கில் தவறில்லை. ஆனால் பாதி வாங்கினால் தேர்ச்சியில்லை.

டெல்மர் யோசித்துப் பார்த்து ஒரு வழி சொன்னார். "நான் ஆரம்பத்துலயே சொல்லிடறேன். 'என் வலது கன்னம் அசையாது, அதைப் பாத்துத் தப்பா நினைச்சுக்காதீங்க'ன்னு. ஒரே வரி. கார்லாகிட்ட அதான் சொன்னேன். அதுக்குத்தான் அவ சிரிச்சா."

டாக்டர் மார்னி வலியோடு கண்களை மூடினார். "டெல்மர், நம்மளை நாமே நம்ம குறையை வச்சு அறிமுகப்படுத்திக்கக் கூடாது. அது முத்திரை குத்தறது. நாம எதுக்கு எதிரா இத்தனை வருஷம் போராடினோம்?"

பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு சலுகை அலுவலகம் உண்டு. குறைபாடு உள்ள மாணவர்களுக்கு என்ன தேவையோ அதைத் தீர ஆராய்ந்து, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கும் ஒரே சலுகையைக் கொடுப்பார்கள். டெல்மருக்கும் கொடுத்தார்கள். எல்லாத் தேர்விலும் ஒன்றரை மடங்கு நேரம். ட்ரெவர் அதை நேர்மையாக நடைமுறைப்படுத்தினார். டெல்மர் பரிவு காட்ட வேண்டிய இடத்தில் படத்தை நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டார். கன்னம் அந்தக் கூடுதல் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று குறிப்பு எழுதினார்.

அடுத்து சீர்திருத்தத் திட்டம் வந்தது. எங்கள் துறையில் வெறும் நாற்காலி முறை என்று ஒன்று இருக்கிறது. மனசுக்குள் யாரோடு பிணக்கோ, அவர் எதிரிலுள்ள காலி நாற்காலியில் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டும். செத்துப்போன அப்பா, விட்டுப்போன புருஷன், இப்படி. டெல்மர் தன்னுடைய வலது கன்னத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று முடிவாயிற்று.

அவர் என்னிடம் சாவி வாங்க வந்தபோது கேட்டார். "ஏம்மா லோயிஸ், கன்னத்துக்கிட்ட முதல்ல என்ன சொல்லுவாங்க?"

"வணக்கம் சொல்லிப் பாரேன்."

"அந்தப் பக்கம் காது கேக்காதே."

உள்ளே போனார். கன்னத்திடம், "உன்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லப்பா" என்றார். ட்ரெவர் இப்போது நாற்காலி மாறி உட்கார்ந்து, கன்னமாக இருந்து பதில் சொல்லச் சொன்னார். டெல்மர் மாறி உட்கார்ந்தார். கொடுத்த நேரம் முழுவதும் சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பேசல?" என்றார் ட்ரெவர்.

"அது பேசாதுங்க. அதுதானே பிரச்சினையே."

'ஒத்துழையாமை' என்று எழுதிக்கொண்டார்கள். டெல்மருடையதா கன்னத்தினுடையதா என்று தெளிவாகக் குறிக்கவில்லை.

இதெல்லாம் கேலிக்கூத்தாகவே முடிந்திருக்கலாம். ஆனால் ஏப்ரலில் அங்கீகாரக் குழு வந்துவிட்டது. துறைக்கு அங்கீகாரம் நீட்டிக்கலாமா என்று பார்க்க வெளி மாநிலத்திலிருந்து வரும் மூன்று பேர். அவர்களுக்காகக் கம்பளத்தைக் கழுவினோம். ஊன்றுகோலோடு சிரிக்கும் மனிதர்களின் படங்களை நடைவழியில் மாட்டினோம். டெல்மரை முன்வரிசையில் உட்காரவைத்தோம்.

குழுத்தலைவி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "குறைபாடு உள்ளவங்களை மாணவர்களா சேக்கறீங்களா?"

"அது எங்க உயிர்மூச்சு" என்றார் டாக்டர் மார்னி. "இதோ டெல்மர்."

"ரொம்ப நல்லது. அடுத்தது, தகுதியில்லாதவங்களைத் தடுத்து நிறுத்தற வழிமுறை இருக்கா? பொதுமக்களைக் காப்பாத்தற பொறுப்பு நமக்கு இருக்கு. கடைசியா யாரை நிறுத்தினீங்க?"

எங்கள் துறையில் யாரையும் நிறுத்தியதே கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் தேறிப் போவார்கள். தூங்கி வழிந்தவர்கள், கிளையண்டின் பெயரையே மறந்தவர்கள், எல்லாரும். அவர் கண் அறையைச் சுற்றிவந்து முன்வரிசையில் நின்றது.

"ஒருத்தரோட விஷயம் இப்பப் பரிசீலனைல இருக்கு" என்றார்.

"அந்தத் தீர்மானம் எங்களுக்கு வேணும்."

"மே மாசத்துக்குள்ள வந்துடும்."

இப்படியாக டெல்மர் துறைக்கு இரண்டு வகையில் உதவினார். சேர்த்துக்கொண்டதற்கும் அவர்தான் சான்று, நீக்கியதற்கும் அவர்தான் சான்று. தீர்மானம் போய்ச் சேர்ந்ததும் துறைக்கு முழுக்காலத்துக்கும் அங்கீகாரம் கிடைத்தது. கேக் வெட்டினார்கள். அதை வாங்கிவந்ததும் நான்தான், என்ன செய்வது.

மே மாதம் நடந்த அந்தத் தீர்மானக் கூட்டத்தில் டெல்மரைப் பேசச் சொன்னார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு ஊர்ல ஒரு நாற்காலி காத்திருக்குங்க. ஜூன் வரைக்கும். நான் அங்க போகலன்னா வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. என்னை இங்க அனுப்பினவருக்கு என் மூஞ்சி இப்படித்தான்னு தெரியும். அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அவங்கள்ல யாரும் என்கிட்ட செய்தி கேக்கல."

குரல் நடுங்கியது. டாக்டர் ட்ரெவர் முன்னால் சாய்ந்தார்.

"நீங்க ரொம்ப வேதனைல இருக்கீங்கன்னு உங்க குரல் சொல்லுது. ஆனா அதை உங்க முகத்துல பாதிதான் சொல்லுது."

டாக்டர் மார்னி தீர்ப்பை வாசிக்கவில்லை, பகிர்ந்துகொண்டார். "டெல்மர், இது நிராகரிப்பு இல்ல. பாதிப் பேருக்குத்தான் ஆலோசகரா இருக்கற அமைப்பு உண்டு. மீதிப் பேரு உதவி வாங்கிக்கற அமைப்பு உள்ளவங்க. உதவி வாங்கிக்கறதுலயும் ஒரு அழகு இருக்கு. நான் உங்களை எப்பவும் அந்த அழகோடதான் பாத்திருக்கேன்."

அழகு என்ற சொல்லை அவரே சொன்னார். அவரை யாரும் பயிலரங்குக்கு அனுப்பவில்லை.

ஜூன் மாதம் ஸ்டர்ஜன் ஃபோர்க்ஸ் நாற்காலியில் மெக்கென்னா போய் உட்கார்ந்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேலை காலியாக இருந்தது, அவளிடம் பட்டம் இருந்தது, அவளுக்கு இரண்டு கன்னமும் அசையும். அவளுக்கு வந்த முதல் கிளையண்ட் டெல்மர். அரசாங்கக் கோப்பில் அவர் இன்னும் வேலை கிடைக்காதவராகவே இருந்தார். அவருடைய குறிக்கோள் 'ஆலோசனைத் துறையில் பணி' என்று பதிவாகியிருந்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு இப்போது மெக்கென்னாவுடையது. அவள் உண்மையாகவே உழைத்தாள், எங்கள் துறைக்கு மறுபடி மறுபடி போன் போட்டாள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள்.

டெல்மர் அதை என்னிடம் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவில்லை.

"உங்ககிட்டயே வேலை. பொண்ணுங்க பசங்க பயிற்சி எடுக்க ஒரு ஆள் வேணுமாமே. நான் கிளையண்டா உக்காரணும். மணிக்குப் பதினாலு டாலர்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே நீ?"

"சொன்னேன். 'ஒத்துழைக்க மறுத்தார்'னு எழுதிக் கோப்ப மூடிடுவாங்களாம். அப்புறம் எந்த உதவியும் இல்ல. கண்ணுக்கு விடற சொட்டு மருந்துகூட அவங்க கணக்குலதான் வருது. அவ பாவம், அழுதா. நல்லாத்தான் அழுதா."

அவருக்கு ஊழியர் அட்டை அடித்துக் கொடுத்தவளும் நான்தான். படம் எடுக்கும்போது, நேராகப் பார்க்கட்டுமா, இடது பக்கம் திரும்பட்டுமா என்று கேட்டார்.

அவருக்குக் கொடுத்த பாத்திரத்தின் பெயர் டொனால்ட். லாரி ஓட்டுநர். கட்டி எடுக்கும்போது முகத்தின் வலது பக்கம் செயலிழந்தவர். டாக்டர் மார்னியே எழுதியது. டொனால்ட் முதல் சந்திப்பில் கோபப்பட வேண்டும், இரண்டாவதில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததைச் சொல்லி உடைந்து அழ வேண்டும், மூன்றாவதில் ஏற்றுக்கொள்ள வேண்டும். டெல்மர் மூன்றிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாலும் நடந்ததைச் சொன்னார். காபி குடித்தால் வாயோரம் ஒழுகும் என்றார், அதனால் உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பதாகச் சொன்னார், வேலை வேண்டும் என்றார். மாணவர்கள் குழம்பிப்போனார்கள். 'நம்பும்படி இல்லை' என்று மதிப்பீடு எழுதினார்கள். உண்மையிலேயே இப்படி ஆனவர் என்றால் இன்னும் வேதனைப்பட்டிருப்பார் என்று ஒரு பையன் எழுதியிருந்தான்.

செப்டம்பரில் ட்ரெவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க டெல்மர். உங்க ஊனம் கொஞ்சம் மேலோட்டமா இருக்கு."

அதற்குள், கோப்பை மூடுவதற்கு அரசாங்கம் கேட்கும் அளவு காலம் டெல்மர் வேலையில் இருந்துவிட்டார். மெக்கென்னா அவருடைய கோப்பை 'மறுவாழ்வு வெற்றி' என்று மூடினாள். டாக்டர் மார்னி அந்த வருட அறிக்கையில், எங்களிடம் படித்தவர்கள் அனைவருக்கும் துறை சார்ந்த வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினார். இடையில் நின்றவருக்கும் கிடைத்தது என்று தனி வரியாகச் சேர்த்தார். அதை வாசித்துவிட்டு டீன் பூங்கொத்து அனுப்பினார்.

அதற்கடுத்த வாரம் நாடகத்துறையிலிருந்து பிரைஸ் என்ற பையனை அழைத்துவந்தார்கள். தோல் நிறத்திலேயே ஒரு ஒட்டுநாடாவை வலது கன்னத்தில் இழுத்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குறைபாடு உள்ளவர்கள் உடனில்லாமல் அவர்களைப் பற்றி எதுவும் செய்யக் கூடாது என்பது எங்கள் துறையின் கொள்கை. அதனால் டெல்மருக்கும் சொல்லியனுப்பினார்கள். அவர் வந்து பின்சுவரோரம் நின்றார். பக்கத்தில் நான் நின்றேன், அவருடைய இடது பக்கமாக.

பிரைஸ் பிரமாதமாகச் செய்தான், அதை மறைப்பானேன். கோபப்பட்டான். நாற்காலியைத் தள்ளினான். கண்ணாடியைப் பற்றிச் சொல்லும்போது பாதி முகத்தால் அழுதான், மீதிப் பாதியைக் கையால் பொத்திக்கொண்டான். எதிரே இருந்த மாணவி அவனுடைய ஒவ்வொரு உணர்ச்சியையும் சரியாகப் பெயர் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ட்ரெவர் மூக்கைச் சிந்தினார். பிரைஸ் ஒட்டுநாடாவைப் பிய்த்தெடுத்தான். கன்னம் சிவந்திருந்தது. ஒரு மாணவி ஓடிப்போய், வலிக்கிறதா என்று கேட்டு ஈரத்துணி கொடுத்தாள்.

டாக்டர் மார்னி கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்சுவருக்கு வந்தார். டெல்மருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் முகத்தில் அன்றைக்கு முழு இசைவு இருந்தது.

"டெல்மர்," என்றார். "உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது."